மறுபிறவி எடுத்து அப்பா கடைய காப்பாத்துற சீன அனிமேஷன் கதைகள்: இதுல எவ்வளவு நிஜம்?

கேள்வி இதான்: சீன சரித்திர அனிமேஷன் சீரிஸ்ல திரும்பத் திரும்ப ஒரே கதை வருது, பட்டு வியாபாரி வீட்டு மூத்த பொண்ண சித்தியும் அவ பெத்த தங்கச்சியும் சேர்ந்து விஷம் வச்சு கொன்னுடுறாங்க, அவ கண்ணு முழிச்சா பல வருஷம் முன்னாடி அதே வீட்ல அதே கட்டில்ல இருக்கா, இனிமே நடக்கப்போறதெல்லாம் தெரியுங்கறதால கடைய காப்பாத்தி எல்லாரையும் பழி வாங்குறா. இதுல நிஜத்துல நடந்தது எவ்வளவு, ஒரு பொண்ணு அப்படி கடை நடத்திருக்க முடியுமா, இந்த மறுபிறவி சமாச்சாரம் எங்கருந்து வந்துச்சு?

நேரா சொல்லிடுறேன். அந்த வீடு, அந்தக் கடை, அந்தச் சண்டை எல்லாம் நிஜமா இருந்ததுதான். ஆனா எதிரி யாருன்னு காட்டுறதுலதான் இந்தக் கதைகள் தப்பு பண்ணுது. சீன வியாபாரக் குடும்பங்கள் பயந்தது இளைய தாரத்து பொண்ணுக்கு இல்ல, சொந்தப் பிள்ளைங்களுக்கு. மறுபிறவி நம்பிக்கையும் அங்க அதையேதான் சொல்லுச்சு. அத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இது தெரிஞ்சா இந்த சீரிஸ பாக்குற விதமே மாறிடும்.

முதல்ல மறுபிறவி. இந்தக் கதைகள்ல வர்றது ரெண்டு மூணு வகை, தன்னோட பழைய வாழ்க்கைக்கே திரும்பிப் போறது ஒண்ணு, இன்னைக்கு ஆபீஸ்ல வேலை பாக்குற ஒருத்தி செத்து பழங்காலத்துல யாரோ ஒருத்தி உடம்புல முழிக்கறது இன்னொண்ணு. முதல் வகைதான் நீங்க கேட்டது. உண்மைய சொல்லணும்னா இதுக்கும் புத்த மதத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. புத்த மதம் இந்தியாவுலருந்து கிபி முதலாம் நூற்றாண்டு வாக்குல சீனாவுக்கு போச்சு, கூடவே நம்ம எமனும் போயிட்டாரு, அங்க அவருக்கு பேரு யான்லுவோ. ஆனா அங்க அவரு தனி ஆள் இல்ல, பாதாளத்துல பத்து நீதிமன்றம், அதுல அஞ்சாவதுக்கு அவரு ராஜா, கையில பேரேடு, பக்கத்துல கணக்கு எழுதுற அதிகாரிங்க, அப்படியே சீன அரசாங்க ஆபீஸ் மாதிரியே நரகத்த கட்டிட்டாங்க. பத்தாவது கோர்ட்டுல அடுத்த பிறவி என்னன்னு முடிவாகும், கிளம்புறதுக்கு முன்னாடி மெங் போங்கற கிழவி ஒரு கிண்ணம் சூப்பு குடுப்பாங்க, குடிச்சா எல்லாம் மறந்துடும். இதுல எங்கயுமே காலம் பின்னாடி போறது கிடையாது. செத்தா அடுத்த பிறவி, முன்னாடிதான் போகணும். அதே வருஷத்துக்கு திரும்பி வந்து தப்ப சரி பண்றதுங்கறது வெப் நாவல் எழுத்தாளர்கள் கடந்த இருபது இருபத்தஞ்சு வருஷத்துல பெருசாக்குன விஷயம், கேம்ல பழைய சேவ் பாயிண்ட்டுக்கு போய் மறுபடி ஆடுற தலைமுறைக்கு அது உடனே ஒட்டிக்கிச்சு. 2002ல சிதியான், 2003ல ஜின்ஜியாங்னு வெப் நாவல் தளங்கள் வந்ததுக்கப்புறம், முக்கியமா பெண் வாசகர்கள் நிறைய இருக்கற ஜின்ஜியாங்ல, இந்த மாதிரி கதை கொட்டிக் கிடக்கு, அதுலருந்து காமிக்ஸ், காமிக்ஸ்லருந்து அனிமேஷன், இப்போ அதையெல்லாம் தமிழ்ல கதை சொல்ற சேனல்கள் வரைக்கும் வந்திருக்கு.

ஆனா பழைய சீன நம்பிக்கையில மறுபிறவியும் வியாபாரமும் வேற ஒரு இடத்துல கச்சிதமா சேருது, இதத்தான் இந்த சீரிஸ் எடுக்கறவங்க ஏன் தொடவே மாட்டேங்கறாங்கன்னு எனக்கு ஆதங்கம். ஊதாரிப் பிள்ளைய அங்க கடன் வசூல் பண்ண வந்த பேய்னு திட்டுவாங்க, அது சும்மா வசவு இல்ல, அதுக்கு பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. போன பிறவியில நீ யாருக்கோ பணம் குடுக்காம ஏமாத்திருப்ப, அவன் செத்து உனக்கே பிள்ளையா வந்து பொறப்பான், நோய், மருந்து, சூதாட்டம், எந்த வழியிலயாவது அந்தத் தொகைய செலவு பண்ண வச்சுட்டு போயிடுவான். 17ஆம் நூற்றாண்டு முடிவுல எழுதின ஒரு குட்டிக் கதை இருக்கு. ஒரு பெரிய வீட்டு காரியஸ்தர், நல்ல வசதி. ஒருநாள் கனவுல ஒருத்தன் வேகமா உள்ள வந்து "நீ எனக்கு நாப்பதாயிரம் காசு தரணும், இப்போ குடுத்துடு"ன்னு சொல்லிட்டு நேரா உள் ரூமுக்கு போயிடுறான். முழிச்சுப் பாத்தா பொண்டாட்டிக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. காரியஸ்தருக்கு புரிஞ்சுபோச்சு. நாப்பதாயிரம் காச தனியா ஒரு ரூம்ல எடுத்து வச்சு, பிள்ளைக்கு சாப்பாடு, துணி, வைத்தியம் எல்லாத்துக்கும் அதுலருந்தே எடுக்குறாரு. மூணு நாலு வருஷம் கழிச்சு பாத்தா வெறும் எழுநூறு காசு மிச்சம். அந்த நேரம் ஆயா பிள்ளைய தூக்கிட்டு வர்றா, இவரு விளையாட்டா பாத்து சொல்றாரு, "நாப்பதாயிரம் தீரப்போகுது, நீ கிளம்பலாம்ல." சொன்ன உடனே பிள்ளை முகம் மாறி, தலை சாஞ்சு, உயிர் போயிடுது. மிச்சம் இருந்த எழுநூறு காசு அடக்கம் பண்ண சரியா போச்சு. அவ்ளோதான் கதை, ஒரு பக்கம் கூட இல்ல. வட்டியோட பழிவாங்குற அம்பது எபிசோடு சீரிஸ் பாத்தாலும் எனக்கு இந்த எழுநூறு காசு குடுத்த அதிர்ச்சி வரல.

ஆன்ஹுய் மாகாணம் ஹூய்சோ பக்கம் இன்னொரு சொலவடை இருக்கு, முன் ஜென்மத்துல புண்ணியம் பண்ணல, அதான் ஹூய்சோவுல பொறந்தோம், பதிமூணு பதினாலு வயசுல வெளிய தூக்கிப் போட்டுடுறாங்கன்னு. மலைப்பூமி, நெலம் பத்தாது, பசங்கள சின்ன வயசுலயே ஏதாவது ஊர்ல உப்புக்கடை, அடகுக்கடை, தேயிலைக்கடைல எடுபிடியா விட்டுடுவாங்க. அப்படி போனவங்கதான் மிங், சிங் வம்சங்கள் ஆண்ட காலத்துல (14ஆம் நூற்றாண்டுலருந்து 20ஆம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும்) யாங்சோ நகரத்து உப்பு வியாபாரத்துல கோடீஸ்வரங்க ஆனாங்க. அதாவது நம்ம ஹீரோயினோட அப்பா ஒரு நிஜமான ஆளா இருந்தா, அவரே சின்னப் பையனா மூட்டைய தோள்ல போட்டுட்டு வெளியேறினவரா இருந்திருக்க நிறைய வாய்ப்பு.

சரி இப்போ வீட்டுச் சண்டைக்கு வருவோம். சீரிஸ்ல மூத்த தாரத்துப் பிள்ளை ராஜா, இளைய தாரத்துப் பிள்ளை வேலைக்காரன், அதனாலதான் சித்தி கூட்டம் சதி பண்ணுதுன்னு காட்டுவாங்க. மரியாதை விஷயத்துல இது உண்மை. இளைய தாரம்னு நாம சொல்றோம், சட்டப்படி அவங்க மனைவியே இல்ல, வீட்டுக்கு ஒரு மனைவிதான். 7லருந்து 10ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஆண்ட தாங் வம்சத்து சட்டத்துல, வச்சிருந்த பொண்ண மனைவி ஸ்தானத்துக்கு உயர்த்தினா ஒன்றரை வருஷம் கடுங்காவல் வேலை. மிங் சட்டத்துல மனைவி உயிரோட இருக்கும்போதே அப்படி பண்ணா தொண்ணூறு கம்படி. மனைவி போனதுக்கப்புறம் உயர்த்தறது பின்னாடி சகஜமாச்சு, அதனால இளைய தாரம் மூத்த மனைவிய விஷம் வச்சு கொல்ற சீன்ல லாஜிக் இருக்கு, அவ செத்தாதான் இவளுக்கு வழி. பட்டமும் பதவியும் கூட மூத்த தாரத்து மூத்த மகனுக்குதான் போகும்.

ஆனா சொத்து? அங்கதான் ஆட்டமே மாறுது. மிங், சிங் ரெண்டு சட்டத்துலயும் தெளிவா இருக்கு, வீட்டுச் சொத்து நெலம் பிரிக்கும்போது பிள்ளை மனைவிக்கு பொறந்ததா, இளைய தாரத்துக்கு பொறந்ததா, வேலைக்காரிக்கு பொறந்ததான்னே கேக்கக் கூடாது, ஆம்பளப் பிள்ளைங்க எத்தன பேரோ அத்தன சம பங்கு. மூத்தவனுக்கு பாட்டன் முப்பாட்டன் பூஜைக்குன்னு கொஞ்சம் கூட குடுக்கற வழக்கம் சில ஊர்ல இருந்துச்சு, அவ்வளவுதான். பாகப்பிரிவினை அன்னைக்கு பங்காளிங்க, ஊர் பெரியவங்க, முக்கியமா தாய்மாமன் வந்து உக்காருவாரு, சொத்த பங்கு பங்கா எழுதி வச்சு சீட்டு குலுக்கிப் போட்டு எடுப்பாங்க, யாருக்கு எந்த வயல், எந்த ரூம், சமையல் பாத்திரம் வரைக்கும் எழுதி எல்லாரும் கையெழுத்து போடுவாங்க. ஹூய்சோ பக்கத்துலருந்து இந்த மாதிரி பத்திரங்கள் நிறைய கிடைச்சிருக்கு, தாய்மாமன் நடுவராங்கற இடம் வரும்போது நமக்கும் இது நல்லாவே புரியுது.

இப்போ யோசிங்க, இளைய தாரத்துப் பையனுக்கு சட்டமே சம பங்கு தருது, அவன் எதுக்கு விஷம் வைக்கணும். பிரச்சினை சட்டம் பாரபட்சம் காட்டுறதால வரல, சமமா பிரிக்கறதாலதான் வந்துச்சு. வயல நாலா வெட்டலாம், ஒரு கடைய எப்படி வெட்டுவீங்க? சரக்கு, கடன் பாக்கி, பேரு, வாடிக்கையாளர், இதெல்லாம் நாலு பேர் கைக்கு போனா மூணாவது தலைமுறைல ஒண்ணும் மிஞ்சாது. பெரிய குடும்பங்களோட மூளை முழுக்க இந்த ஒரு விஷயத்துலதான் வேலை செஞ்சுது.

துங்ரென்தாங் மருந்துக்கடை நல்ல உதாரணம். 1669ல பெய்ஜிங்ல யுவே குடும்பம் ஆரம்பிச்சது, 1723லருந்து அரண்மனைக்கே மருந்து குடுத்தாங்க. 19ஆம் நூற்றாண்டு கடைசில நாலு பிள்ளைங்க, நாலு கிளை. கடைய வெட்டல. 1907ல அம்மா போனதுக்கப்புறம் நாலு கிளையும் சேர்ந்து நிர்வாகம், வெளிய யார் வேணா தனியா மருந்துக்கடை போட்டுக்கலாம், யுவே குடும்பத்து பழைய கடைன்னு போர்டு மாட்டிக்கலாம், ஆனா துங்ரென்தாங்னு பேர் மட்டும் வைக்கக் கூடாது. அண்ணன் தம்பி ஒருத்தருக்கொருத்தர் போட்டிக்கடை நடத்துனாங்க, அந்த மூணு எழுத்துப் பேர யாரும் தொடல. குடும்ப வியாபாரப் போட்டின்னா நிஜத்துல இப்படித்தான் இருந்துச்சு, இத அப்படியே எடுத்தா எவ்வளவு நல்ல சீரிஸ் வரும்.

இதவிட கடுமையான வழிய கண்டுபிடிச்சவங்க ஷான்ஷி மாகாணத்து பணமாற்று வியாபாரிங்க. பிங்யாவ்னு ஒரு மதில் சூழ்ந்த ஊர், 1997லருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, அங்க சாயக்கடை வச்சிருந்த லீ குடும்பம், 1823 வாக்குல சாயத்த விட்டுட்டு மேற்குத் தெருவுல ரிஷெங்சாங்ங்கற பேர்ல பணம் அனுப்புற தொழிலுக்கு மாறுனாங்க. பெய்ஜிங்ல வெள்ளிய கட்டி சீட்டு வாங்கிக்கிட்டா வேற ஊர்ல அந்தச் சீட்ட காட்டி வெள்ளிய வாங்கிக்கலாம், வழிப்பறி பயம் இல்ல. இத நடத்துனது முதலாளி இல்ல, லேய் லூதாய்ங்கற மேனேஜர். முதலாளி பணம் போடுவாரு, பொறுப்ப மேனேஜர் கையில குடுத்துட்டு ஒதுங்கிடுவாரு, தினசரி வியாபாரத்துல தலையிடக் கூடாது, சில வருஷத்துக்கு ஒருதடவ கணக்கு முடிக்கும்போதுதான் உக்காரணும். பணம் போட்டவனுக்கு வெள்ளிப் பங்கு, உழைக்கறவனுக்கு உழைப்புப் பங்கு, லாபத்துல ரெண்டு பேருக்கும் பாகம், நட்டம் வந்தா உழைப்புப் பங்குக்காரன் கையிலருந்து போடத் தேவையில்ல, அவன் செத்தாலும் சில வருஷம் வீட்டுக்கு பங்கு போகும். இதுக்கு மேல ஒரு விதி, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மூணு பேர கடையில வேலைக்கு வைக்கக் கூடாது: முதலாளியோட பையன், முதலாளியோட மாப்பிள்ளை, முதலாளியோட மச்சான். வீட்டுக்குள்ள சண்டை நடக்கட்டும், கடைக்குள்ள வரக்கூடாதுங்கறதுதான் இதுக்கு அர்த்தம். நம்ம சீரிஸ்ல வில்லன் யாரு? பையன், மாப்பிள்ளை, சித்தியோட தம்பி. மூணு பேரையும் ஷான்ஷிக்காரங்க கதவுக்கு வெளியவே நிறுத்திட்டாங்க.

அப்போ அங்க போட்டியே இல்லையான்னா, இருந்துச்சு, ரத்த சொந்தம் இல்லாம இருந்துச்சு. லேய்க்கு கீழ மாவ் ஹோங்ஹுய்னு ஒரு துணை மேனேஜர், கெட்டிக்காரர், இளையவர். லேய் உடம்பு சரியில்லாம கடையிலயே படுத்துக்கிட்டு வேலைய விடாம பாத்துட்டிருக்கும்போது, மாவ் முதலாளிகிட்ட போய் பெரியவர வீட்ல ஓய்வெடுக்கச் சொல்லலாமேன்னு அன்பா சொல்றாரு. முதலாளியும் நல்லதுன்னு நெனச்சு லேய்கிட்ட சொல்றாரு. லேய்க்கு புரிஞ்சுடுச்சு. பேசாம வீட்டுக்கு போனாரு. சில நாள் கழிச்சு முதலாளி பாக்கப் போனா, லேய் மேசை மேல எல்லா ஊர் கிளைகளுக்கும் கடிதம், கணக்க முடிச்சு கடைய சுருட்டிட்டு வாங்கன்னு. கடை உங்களது, ஆனா கிளைகள் நான் வச்சது, ஒப்படைச்சுட்டு போறேன்னாரு. முதலாளி கால்ல விழுந்தாருன்னும், அப்புறம் தினமும் ஒரு விருந்துச் சாப்பாடும் 50 லியாங் (பழைய சீன எடை அளவு) வெள்ளியும் லேய் வீட்டுக்கு அனுப்புனாருன்னும் அந்த ஊர்ல சொல்றாங்க. மாவ் வெளியேறினாரு, அதே தெருவுல இருந்த வெய்தாய்ஹோவுங்கற பட்டுக்கடையோட முதலாளி ஹோவ் குடும்பம் அவர கூப்பிட்டு வச்சுக்கிச்சு, அந்தக் கடையையும் பணமாற்றுக் கடையா மாத்தி ரிஷெங்சாங்குக்கே எதிரா நிறுத்திட்டாரு. கோபம் எந்த அளவுக்குன்னா, லேய் தன் பையனுக்கு ஹோங்ஹுய்னு பேர் வச்சாரு, பதிலுக்கு மாவ் தன் பேரனுக்கு லூதாய்னு பேர் வச்சாருன்னு சொல்றாங்க. பெரியவங்க பேர வாயால சொல்றதே தப்புன்னு இருந்த நாட்டுல, எதிரி பேர வீட்டுச் சின்னப் பையனுக்கு வச்சு தினம் அதட்டிக் கூப்பிடுறது. எந்த திரைக்கதையாளரும் இத கற்பனையில யோசிச்சிருக்க முடியாது.

போலிச் சீட்டு வராம இருக்க அவங்க வச்சிருந்த சங்கேதமும் அழகு. பன்னெண்டு மாசத்துக்கு பன்னெண்டு எழுத்து, சேர்த்துப் படிச்சா, போலிச் சீட்டு காட்டி ஏமாத்துறத ஜாக்கிரதையா பாரு, எழுத்தையும் முத்திரையையும் உத்துப் பாக்க மறக்காதேன்னு ஒரு வாக்கியம். நாலாம் மாசம்னா நாலாவது எழுத்த மட்டும் சீட்டுல போடுவாங்க. தேதிக்கு தனிப் பாட்டு, தொகைக்கு தனிப் பாட்டு. கொஞ்ச காலத்துக்கு ஒருதடவ மாத்திடுவாங்க. ரிஷெங்சாங் இப்படி கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் ஓடுச்சு, 1911 புரட்சிக்கப்புறம் 1914ல விழுந்துச்சு.

அதே மாகாணத்து சியாவ் குடும்பத்தையும் சொல்லணும், அந்த பெரிய செங்கல் மாளிகைய நிறைய பேர் படத்துல பாத்திருப்பீங்க. சியாவ் ஜியோங் (1818–1907) அரசாங்க பரிட்சைக்கு படிச்சுட்டிருந்தவரு, அண்ணன் போயிட்டதால வியாபாரத்துக்கு இழுத்து விடப்பட்டாரு. அந்த வீட்டு கட்டுப்பாடு ஆறு: இளைய தாரம் கூடாது, வேலைக்காரங்கள கொடுமைப்படுத்தக் கூடாது, தாசி வீடு, அபின், சூதாட்டம், குடி கூடாது. முதல் விதிய கவனிங்க. நம்ம சீரிஸ் மொத்தமும் எந்தப் பிரச்சினை மேல நிக்குதோ அத அந்த வீட்டு வாசல்லயே தடுத்துட்டாங்க. சியாவுக்கு அடுத்தடுத்து ஆறு மனைவி, ஒருத்தர் இறந்தப்புறம்தான் இன்னொருத்தர்.

அடுத்தது நீங்க கேட்ட பொண்ணு விஷயம். கல்யாணம் ஆகாத பொண்ணு அப்பா கடைய தன் பேர்ல எடுத்து நடத்துறது ரொம்ப கஷ்டம், மிங், சிங் காலத்துல ஆம்பள வாரிசே இல்லாம, தத்தும் எடுக்காம குடும்பமே அத்துப்போனாத்தான் பொண்ணுக்கு சொத்து. இல்லன்னா பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன தத்துன்னு கொண்டுவந்து உக்கார வச்சுடுவாங்க, சீரிஸ்ல பெரியப்பா குடும்பம் வந்து கழுத்த நெறிக்கறது அதான், அந்த பாகம் சரியாவே எடுக்கறாங்க. இதுக்கு இருந்த ஒரு வழி வீட்டோட மாப்பிள்ளை. ஒப்பந்தம் எழுதி மாப்பிள்ளைய இந்த வீட்டுக்கு கொண்டு வருவாங்க, பொறக்கற பிள்ளைக்கு பொண்ணு வீட்டு குடும்பப் பேரு. வசதியில்லாத பையன்தான் இதுக்கு வருவான், அவனுக்கு ஊர்ல மரியாதை கம்மி, அதனால சீரிஸ்ல அழகான இளவரசன் தேடி வந்து கல்யாணம் பண்றத விட, ஒரு நல்ல கணக்கப்பிள்ளைய வீட்டோட மாப்பிள்ளையா எடுத்துட்டு அவ கடைய பாத்திருந்தா ரொம்ப நம்பும்படியா இருந்திருக்கும்.

அம்மாவோட சீதனக் கடைய சித்தி அமுக்கிட்டா, பொண்ணு பட்டியல எடுத்து நீட்டி கேக்குறாங்கற சீன் நிறைய வரும்ல, அத நம்பலாம். தாங் சட்டத்துலயும் அதுக்கப்புறம் 10லருந்து 13ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஆண்ட சோங் வம்சத்து சட்டத்துலயும் புருஷன் வீட்டு பாகப்பிரிவினைல மனைவி கொண்டுவந்த சீதனத்த சேர்க்கவே கூடாது, அது தனி. சோங் காலத்துப் பொண்ணுங்க நெலமே சீதனமா கொண்டு போனாங்க. அடுத்து மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்துல இது தலைகீழாச்சு, மறுமணம் பண்ற விதவை சீதனத்த புருஷன் வீட்லயே விட்டுட்டு போகணும்னு வந்துச்சு, மிங்கும் அதையே வச்சுக்கிச்சு. அதனால நீங்க பாக்குற சீரிஸ்ல உடையும் தலை அலங்காரமும் சோங் மாதிரி இருந்தா ஹீரோயினோட சீதனச் சண்டைக்கு சட்டம் துணை இருக்கு, மிங் மாதிரி இருந்தா அவ கை ரொம்ப கட்டுப்பட்டிருக்கு. பெரும்பாலும் பேரில்லாத கற்பனை வம்சம்னு வச்சுக்கிட்டு ரெண்டையும் கலந்துடுறாங்க.

நிஜத்துல கடை நடத்துன பெண்கள் விதவைங்க. துங்ரென்தாங்க மீட்டெடுத்த யுவே பிங்சுவான் 1880ல போனதுக்கப்புறம் அவர் மனைவி சூ யேஃபென் 1907ல தான் சாகுற வரைக்கும் அத கையில வச்சிருந்தாங்க, 1900ல வெளிநாட்டுப் படைங்க புகுந்த கலவரத்துல பெய்ஜிங்க விட்டு ஓடியும் திரும்பி வந்து நடத்துனாங்க. சியான் பக்கம் ஜிங்யாங்ல வூ குடும்பத்து மருமகள் சோ யிங், கல்யாணம் ஆன கொஞ்ச நாள்லயே புருஷன் போயிட்டாரு, இருபது சொச்ச வயசுல மொத்த வியாபாரத்தையும் எடுத்து தூக்கி நிறுத்துனாங்க, 1900ல பேரரசித் தாய் சிஷி பெய்ஜிங்லருந்து சியானுக்கு தப்பி வந்தப்போ பெரிய தொகை காணிக்கை குடுத்து பட்டமும் வாங்குனாங்க. நாப்பது வயசு வாக்குல இறந்துட்டாங்க. இவங்க ரெண்டு பேருக்கும் யாரும் எதிர்காலத்த சொல்லித் தரல.

எதிர்காலம் தெரிஞ்சிருந்தா மட்டும் எல்லாம் சரியாயிடுமா? ஹாங்சோவோட ஹு சூயேயான் (1823–1885) கதைய வச்சு பாக்கலாம், சிங் காலத்தோட பெரிய பணக்காரர். வெள்ளைக்கார கம்பெனிங்க பட்டு விலைய அடிமாட்டு விலைக்கு கேக்குறாங்கன்னு, 1882லருந்து கச்சாப் பட்ட வாங்கிக் குவிச்சு, நான் சொல்ற விலைக்குத்தான் எடுக்கணும்னு உக்காந்துட்டாரு. அவங்க வாங்கல. 1883ல இத்தாலில பட்டு விளைச்சல் நல்லா இருந்துச்சு, இவரு நட்டத்துக்கு வித்தாரு, வருஷக் கடைசில அவரோட ஃபுகாங் வங்கில பணம் போட்டவங்க எல்லாம் ஒரே நேரத்துல வந்து நின்னாங்க, முடிஞ்சுது. இவரு 1881ல கண்ணு முழிச்சா பட்டு வாங்காம தப்பிச்சிருப்பாரு, சரி. ஆனா பிரான்ஸோட போர் வரும்ங்கற பயத்துல ஷாங்காய் பணச்சந்தையே 1883ல ஆட்டம் கண்டுச்சு, அரசாங்கப் பணத்தையும் சொந்தப் பணத்தையும் கலந்து சுத்த விட்டிருந்த ஆளுக்கு பட்டு இல்லன்னா வேற ஏதாவது வந்திருக்கும். மிஞ்சுனது 1874ல அவரு ஆரம்பிச்ச ஹுசிங்யுதாங் மருந்துக்கடைதான், கடனுக்கு வென்யூங்கற அதிகாரி கைக்கு போச்சு, ஆனா கடை இன்னைக்கும் ஹாங்சோல நடக்குது. அங்க ஏமாத்தாதேன்னு அர்த்தம் வர்ற ஒரு பலகை இருக்கு, 1878ல எழுதினது. மத்த பலகையெல்லாம் வாடிக்கையாளரப் பாத்து இருக்கும், அது மட்டும் உள்பக்கம் வேலைக்காரங்களப் பாத்து மாட்டியிருக்கு. ஹீரோயின் போன பிறவி ஞாபகத்துல அடுத்த வருஷம் பட்டு விலை ஏறும்னு ஜெயிக்கற சீன விட, இப்படி ஒரு பலகைய எந்தப் பக்கம் பாத்து மாட்டுறதுன்னு அவ முடிவு பண்ற சீன் இருந்தா நான் கைதட்டுவேன்.

சின்னச் சின்ன விஷயத்துல சீரிஸ் கோட்டை விடுறதையும் சொல்லிடுறேன். ஹீரோ சட்டைக் கையிலருந்து 500 லியாங் வெள்ளிய எடுத்து மேசைல வீசுவாரு, ஒரு லியாங் சுமார் 37 கிராம், அப்போ அது 18 கிலோவுக்கு மேல, கையில வச்சிட்டு நடக்கவே முடியாது. வியாபாரி வீட்டுப் பொண்ணு மினுமினு பட்டுல சுத்துறதும் அப்படித்தான், 1381ல மிங் அரசு போட்ட விதிப்படி உயர்ந்த பட்டு வகைங்க வியாபாரிக்கு கிடையாது, விவசாயி வீட்ல ஒரே ஒருத்தன் வியாபாரம் பண்ணாலும் அந்தக் குடும்பத்துக்கே கிடையாது. மிங் கடைசி காலத்துல யாரும் இத மதிக்கல, அதுவும் உண்மை.

ஏன் இதெல்லாம் அனிமேஷனாவே வருதுன்னு சிலர் கேப்பீங்க. 2011ல சீன ஒளிபரப்புத்துறை காலம் தாண்டிப் போற நாடகங்கள் வரலாற்ற விளையாட்டா எடுத்துக்குதுன்னு கண்டிச்சுது. அதுக்கப்புறம் நடிகர்கள வச்சு எடுக்கற டிவி நாடகங்கள் மறுபிறவிய எடுத்துட்டு, தப்பிப் பொழைச்சு வேற பேர்ல திரும்பி வந்தான்னோ, எல்லாம் ஒருத்தர் எழுதுற கதைன்னோ மாத்திக்கிட்டாங்க. 2018ல வந்த மிங்லான் நாடகம் கூட அப்படித்தான், நாவல்ல இந்தக் காலத்துப் பொண்ணு அந்தக் காலத்துல போய்ப் பொறப்பா, டிவில அந்த பாகமே இல்ல, ஆனா இளைய தாரத்துப் பொண்ணு, பாட்டி, வீட்டுக் கணக்கு, சீதனம்னு ஒரு சோங் காலத்து வீடு எப்படி ஓடுச்சுன்னு அதுல பாத்த மாதிரி நான் வேற எதுலயும் பாக்கல. உங்களுக்கு இந்தக் கதைகள்ல வீட்டு அரசியல் பாகம்தான் பிடிச்சிருக்குன்னா அடுத்து அதப் பாருங்க, மறுபிறவி இல்லையேன்னு தோணாது.